தண்ணிக்கு யாரும் விடை கொடுக்கல

ஐயோ கண்ணு, அதை மட்டும் எடுக்காத. ஜன்னல் விளிம்புல இருக்கே, அந்தக் கிண்ணம். மத்தது எதை வேணா எடுத்து டப்பாக்குள்ள போடு, உடைஞ்சாக்கூட உன்னை ஒண்ணும் சொல்ல மாட்டேன். அதுல இருக்கிறது வெறும் கடல் தண்ணிதான், ஆனா அது இன்னும் வேலையில இருக்கு. எப்படிச் சொல்றது இதை. சரி, நீ முதல்ல உக்காரு. கெட்டிலை நான் இன்னும் மூட்டை கட்டல, ஒரு டீ குடிக்கலாம். வெளிய நிக்கிற ரெண்டு பேருக்கும் போட்டுத் தரேன். பாவம், துணி துவைக்கிற மெஷினை வண்டியில ஏத்திட்டு, அடுத்து எந்தச் சுவர் விழும்னு பாத்துக்கிட்டு நிக்கிறாங்க.

அந்தச் சத்தமா? அது என் வீட்டுக்காரர், நெவில். அடுத்த ரூம்ல நாற்காலியில இருக்காரு. உன்னைக் கூப்பிடல, நீ எந்திரிக்க வேண்டாம். அவருகிட்ட அந்த ஒரு வார்த்தைதான் மிச்சம் இருக்கு. வா. பசிச்சாலும் வா, வலிச்சாலும் வா, என்னை ரூமை விட்டு வெளிய துரத்தறதுக்கும் வா. பழகிட்டா எந்த வா என்ன வான்னு தெரிஞ்சிரும். இப்பச் சொல்றாரே, இது கடலைப் பாத்துச் சொல்றது.

தெரியும் கண்ணு, நாளைக்குக் காலைல உங்க கவுன்சில்லருந்து வீட்டை இடிக்கிற மெஷின் வந்துரும், அதுக்குள்ள நாங்க வெளிய இருக்கணும். நான் வர மாட்டேன்னு சொல்லல. இப்ப அவரைத் தொட முடியாதுன்னு சொல்றேன். கடல் ஏறிக்கிட்டிருக்கு பாரு. ஏறுற நேரத்துல நாற்காலியை ஜன்னல்லருந்து திருப்பினா அலறுவாரு. உங்க ஆளுங்க ரெண்டு பேரும் ஓடிருவாங்க. தண்ணி இறங்க ஆரம்பிச்சா இவரும் அடங்குவாரு, தலை சாயும். அப்பத் தூக்கிரலாம். அதுவரைக்கும் பேசிக்கிட்டு இருப்போம். இந்தா, இஞ்சி கேக் எடுத்துக்கோ, நேத்துப் பண்ணது.

உன் பேரு என்ன சொன்ன? ஃப்ரேயாவா! அடி சக்கை. நாங்க கும்பிடுற தேவதை ஒருத்தி பேரு. உங்கம்மா தெரிஞ்சு வெச்சாங்களா, இல்ல டிவியில பாத்து வெச்சாங்களா? ஆமா, அந்தச் சுவத்துல மாட்டியிருக்கிறது அதுதான், அஞ்சு முனை நட்சத்திரம். சூனியக்காரின்னு கேக்கணும்னா தாராளமா கேளு, நான் ஒண்ணும் குறைஞ்சு போக மாட்டேன். ஆனா விளக்கமாத்துல ஏறிப் பறக்கத் தெரிஞ்சிருந்தா உன் வேனுக்காக ஏன் காத்துக்கிட்டு இருக்கேன், யோசி.

எங்களுக்குக் கோயில் கீயில் எதுவும் கிடையாதும்மா. நாலு பேர் சேர்ந்து எங்க நிக்கிறோமோ அங்க ஒரு வட்டம் போடுவோம். வட்டத்துக்கு நாலு திசை, திசைக்கு ஒரு பூதம். கிழக்குல காத்து, தெக்குல தீ, மேக்குல தண்ணி, வடக்குல மண்ணு. ஆளுக்கு ஒரு திசை பாத்து நின்னு அதை வான்னு கூப்பிடணும். காரியம் முடிஞ்சதும் நன்றி சொல்லி அனுப்பணும். யார் கூப்பிட்டாங்களோ அவங்கதான் அனுப்பணும், விருந்துக்கு அழைச்ச ஆளே வாசல் வரைக்கும் வந்து வழியனுப்புற மாதிரி. இதுல பயப்பட என்ன இருக்கு சொல்லு.

இல்ல இல்ல, காத்துன்னா வெறும் காத்து இல்ல. அது பேச்சு, யோசனை, விடியக்காலைல வர்ற தெளிவு. தீன்னா துணிச்சல், ஒரு வேலையைச் செஞ்சே தீருவேன்னு நிக்கிறமே, அது. மண்ணு நம்ம உடம்பு, திங்கிற ரொட்டி, படுக்கிற வீடு. தண்ணின்னா மனசு. பாசம், அழுகை, செத்தவங்க ஞாபகம் எல்லாம் அதுக்குள்ள. ஒரு மனுசன் முழுசா இருக்கணும்னா நாலும் வேணும். ஒண்ணு கூடிப்போனாலும் ஆபத்து, குறைஞ்சாலும் ஆபத்து.

இதுக்குள்ள நெவிலை இழுத்துட்டு வந்தது நான்தான். அவரு பஸ் ஓட்டினவரு, ஹல் டவுன்லருந்து இந்தக் கரை வரைக்கும். தினமும் கடல் வரைக்கும் வந்து, பயணிங்களை இறக்கி விட்டுட்டு, பஸ்ஸைத் திருப்பணும். என்னைக்காவது ஒருநாள் திருப்பாம நேரா ஓட்டிருவேன்னு சொல்லிச் சிரிப்பாரு. முதல்ல எங்க கூட்டத்துக்கு வந்தப்ப, தலையில பூ வெச்சுக்கிட்டு ஆடுற வயசா இது எனக்குன்னு கேட்டவருதான். அப்புறம் என்னை விடத் தீவிரம் ஆயிட்டாரு. சில ஆம்பளைங்க அப்படித்தான், கிண்டல் பண்ணிக்கிட்டே உள்ள வருவாங்க, வந்தா நம்மளை ஓரமா உக்கார வெச்சிருவாங்க.

சண்டை எங்க வந்துச்சுன்னா, இவரு கிழக்கைப் பாத்தாரு. எதிர்ல கடல். இப்ப நீ ஜன்னல்ல எட்டிப் பாரு, என்ன தெரியுது? கண்ணுக்கெட்டுன வரைக்கும் தண்ணி. மேக்கே திரும்பினா வயல், அதுக்கப்புறம் பன்னிப் பண்ணை. எங்க சடங்குப் புத்தகம் சொல்லுது மேக்கே திரும்பித் தண்ணியைக் கூப்பிடுன்னு. இவரு சொன்னாரு, கடலுக்கு முதுகைக் காட்டிக்கிட்டுப் பன்னிப் பண்ணையைப் பாத்து ஆழ்கடலே வான்னு கூப்பிட எனக்கு வெக்கமா இருக்கு, தெக்கத்திக்காரன் எவனோ எழுதினதுக்கு நான் ஏன் தலையாட்டணும்னு. எங்க பையன் ஏட்ரியன் ஆஸ்திரேலியாவுல இருக்கான். அங்க உச்சி வெயில் வடக்குல அடிக்குமாம், அதனால எங்காளுங்க அங்க தீயை வடக்குல வெச்சிருக்காங்க. அவங்க மாத்தலாம், நான் மாத்தக் கூடாதான்னு கேட்டாரு. நியாயம்தானே?

பாலினுக்கு அது ஆகல. பாலின்தான் எங்க குழுவுக்குத் தலைவி. வட்டத்துக்குள்ள வந்துட்டா அவ பேரு வெள்ளி ஆந்தை, வெளிய வந்துட்டா பல் டாக்டர் கிட்ட வரவேற்புல உக்காந்து போன் எடுக்கிறவ. கிழக்குங்கிறது காத்தோட இடம், ஆயிரம் கூட்டத்துல ஆயிரம் பேரு அங்கதான் கூப்பிட்டிருக்காங்க, நீ தண்ணியைக் கொண்டாந்து அங்க உக்கார வெச்சா காத்து எங்க போகும்னு குதிச்சா. மேக்கே போகட்டும், அங்கருந்துதானே பன்னி நாத்தத்தைத் தூக்கிட்டு வருதுன்னாரு இவரு. எனக்குச் சிரிப்பை அடக்க முடியல. அதோட ரெண்டு பேரு கூட்டத்தை விட்டுப் போயிட்டாங்க. மிச்சம் இருந்தவங்க எங்க தோட்டத்துலதான் கூடணும், வேற இடம் கிடையாது. அதனால பாலின் பல்லைக் கடிச்சுக்கிட்டு ஒத்துக்கிட்டா.

தோட்டமா? இதோ இந்த ஜன்னலுக்கு வெளிய இருந்துச்சு. இப்ப கடல்காக்கா பறக்குதே, அங்கதான் நாங்க நிப்போம்.

போன வருசம், பகலும் ராத்திரியும் சமமா வர்ற அந்த இலையுதிர் காலத்து நாள். சாயங்காலம் நல்ல வெளிச்சம். இவரு கிழக்குல நின்னாரு, கையில இந்தக் கிண்ணம்தான். கையைத் தூக்கிக் கூப்பிட ஆரம்பிச்சாரு. புத்தகத்து வார்த்தை எல்லாம் சொல்ல மாட்டாரு, அவரா சொல்லுவாரு. பெரிய தண்ணியே, உன்னைத் தினமும் பாக்க வந்தேன், இன்னைக்கு நீ என்னைப் பாக்க வா, எங்க வீட்டுக்கு வான்னாரு. அதுக்கப்புறம் வா, வான்னாரு. நிறுத்தல. வா, வா, வா, ஒரே தாளத்துல. குரல் ஒரு மாதிரி அடியிலருந்து வந்துச்சு. எங்களுக்குப் புல்லரிச்சுப் போச்சு. சக்தி இறங்கிருச்சுன்னு நினைச்சோம் கண்ணு. பாலினே கண்ணை மூடிட்டா. எல்லாரும் கூடச் சேர்ந்துக்கிட்டோம். ஆடிக்கிட்டே, கையைத் தூக்கிக்கிட்டு, வா, வான்னு. இவ்வளவு அழகா எங்க வட்டம் என்னைக்குமே அமைஞ்சதில்ல.

அந்தாளுக்கு மூளையில ரத்தம் அடைச்சுக்கிட்டு இருந்துச்சு. ஒத்த வார்த்தையில மாட்டிக்கிட்டு வெளிய வர முடியாம நிக்கிறாரு. நாங்க ஆறு பேரு சுத்தி நின்னு கோரஸ் பாடுறோம். எவ்வளவு நேரம்னு எனக்குத் தெரியாது. ஆஸ்பத்திரியில கேட்டாங்க, எப்ப ஆரம்பிச்சுதுன்னு. என்னத்தைச் சொல்ல? வாய் கோணிக் கிண்ணம் கையை விட்டு விழுந்தப்பதான் நான் கண்ணைத் திறந்தேன். கிண்ணம் புல்லுல விழுந்ததால உடையல.

ஆம்புலன்ஸ்ல ஒரு பொண்ணு வந்தா, பச்சை உடுப்பு, உன் வயசு இருக்கும். அவ ஓடி வர்றா. வட்டம் போட்டிருக்கு இல்ல, அதை அறுத்து வாசல் வெக்காம யாரும் குறுக்கே நடக்கக் கூடாது, அது எங்க வழக்கம். பாலின் சடங்குக் கத்தியை எடுத்துக்கிட்டு அவளுக்கு வாசல் வெட்ட ஓடுறா. அந்தப் பொண்ணு எப்படிப் பாக்கும் சொல்லு? கறுப்பு அங்கி போட்ட பொம்பளை கத்தியோட எதிர்ல வர்றா. கத்தியைக் கீழ போடுன்னு அவ கத்துறா, அசையாத நில்லுன்னு இவ கத்துறா. நடுவுல என் புருசன் புல்லுல கிடக்காரு. சிரி கண்ணு, பரவாயில்ல, நானும் சிரிச்சிருக்கேன், ரொம்ப நாள் கழிச்சு.

அதுக்கப்புறம் வட்டத்தை யாரு மூடுறது? எல்லாரும் ஆம்புலன்ஸ் பின்னாடியே போயிட்டோம். மறுநாள் பாலின் மத்தவங்களைக் கூட்டிட்டு வந்து, காத்தை அனுப்பினா, தீயை அனுப்பினா, மண்ணை அனுப்பினா. அவங்கவங்க கூப்பிட்டதை அவங்கவங்க அனுப்பினாங்க. தண்ணி மட்டும் அனுப்ப ஆளில்லாம நின்னுபோச்சு. இந்த மாதிரி ஆபத்துல வேற யாராவது அனுப்பலாம், தப்பில்லன்னு பாலின் சொன்னா. நான் விடல. அவரு வீட்டுக்கு வருவாரு, வந்து அவரு வாயாலேயே அனுப்புவாருன்னு சொன்னேன். விழுந்த கிண்ணத்தைத் திரும்ப நிரப்பி இங்க வெச்சேன். அவரு வந்தாரு. இந்த வார்த்தையோட வந்தாரு.

பேச்சுப் பயிற்சி குடுக்க ஒரு பொண்ணு வந்துச்சு, நல்ல பொண்ணு. இந்த மாதிரி நோயில சிலருக்குக் கடைசியா வாயில இருந்த வார்த்தை அப்படியே ஒட்டிக்கிட்டு நின்னுரும்னு சொல்லுச்சு. படம் காட்டுச்சு, பாட்டுப் பாடச் சொல்லுச்சு. நான் பக்கத்துல உக்காந்து ஒரே ஒரு வார்த்தையைக் கத்துக் குடுக்கப் பாத்தேன். போ. சின்ன வார்த்தைதானே, உதட்டைக் குவிச்சா வந்துரும். என் உதட்டை அவரு விரலால தொட்டுப் பாப்பாரு. முயற்சி பண்ணுவாரு, கழுத்து நரம்பெல்லாம் புடைக்கும். கடைசில வா-ன்னுதான் வரும். அவருக்கே தெரியும் தப்புன்னு. அழுவாரு. ஒரு கட்டத்துல நானே நிறுத்திட்டேன், அதைப் பாத்துக்கிட்டு உக்கார எனக்கு முடியல.

பாலின் என்ன சொன்னா தெரியுமா? ஆஸ்பத்திரி வராந்தாவுல வெச்சுச் சொன்னா, காத்துதானே பேச்சு, அதோட இடத்துலருந்து அவரு அதை விரட்டினாரு, அது அவரோட பேச்சை எடுத்துட்டுப் போயிருச்சுன்னு. ஆறுதலாச் சொல்ற மாதிரி, என் கையைப் பிடிச்சுக்கிட்டுச் சொன்னா. காத்து என்னடி, பெஞ்சு மேல ஏத்தி நிக்க வெக்கிற வாத்தியாரான்னு கேட்டேன். அதோட அவ இந்தப் பக்கம் வரல, மத்தவங்களும் அவளோட போயிட்டாங்க. ஏட்ரியன் டிக்கெட் விலை இறங்கட்டும் வரேங்குறான்.

நான் முட்டாள் இல்ல கண்ணு. இந்தக் கரை களிமண்ணு. எங்கப்பா காலத்துலேயே விழுந்துக்கிட்டுதான் இருந்துச்சு. இங்க ஒரு ரோடு கடலுக்குள்ள போய் முடியுது, அதுல நெவில் பஸ் ஓட்டினது எனக்கு ஞாபகம் இருக்கு. மழை தண்ணி உள்ள இறங்குது, அலை அடியில அரிக்குது, மேல இருக்கிறது சரியுது. உங்க ஆபீஸ்ல குடுத்த படமெல்லாம் பாத்தேன், எனக்குப் புரியுது. ஆனா நீ என் இடத்துல இருந்து பாரு. அவரு அங்க உக்காந்து தினமும் வா, வான்னு கூப்பிடுறாரு. முதல்ல வேலி போச்சு. அப்புறம் கொட்டகை. அப்புறம் நாங்க வட்டம் போட்ட இடம், வடக்குல மண்ணுக்காக நட்டு வெச்ச கல்லோட. ஒவ்வொண்ணு போறப்பவும் அவரு முகத்தைப் பாக்கணும். எங்கிட்ட அவரு அப்படிச் சந்தோசமா திரும்பினதே இல்ல. அவரு கூப்பிட்டா வர்றது இப்ப அது ஒண்ணுதான்.

சில நேரம் நான் கணக்குப் போடுவேன். பேச்சு போச்சு, காத்து போச்சு. பாதி உடம்பு போச்சு, மண்ணு போச்சு. தானா எந்திரிச்சு ஒரு காரியம் பண்ண முடியாது, தீயும் போச்சு. மனசு மட்டும் முழுசா உள்ள கிடக்கு. அது குறைஞ்சிருந்தாலாவது அவருக்கு நிம்மதியா இருந்திருக்கும். எல்லாம் தெரியுது அவருக்கு, அதான் கொடுமை. பெவர்லி ஊர்ல, முதியோர் இல்லத்துல அவருக்குக் குடுத்திருக்கிற ரூமை நான் போய்ப் பாத்தேன். சுத்தமா இருக்கு, ஆளுங்க தங்கமானவங்க. ஜன்னல் மேக்குப் பாத்து இருக்கு. கார் நிறுத்துற இடம் தெரியுது. அங்க உக்காந்து அவரு எதைக் கூப்பிடுவாரு? நான் தங்கச்சி வீட்டுல. வாரத்துக்கு ரெண்டு தடவை பஸ் ஏறிப் போய்ப் பாக்கலாம்.

நானே அனுப்பியிருக்கலாமேன்னு கேக்குற. பாலின் கேட்டதையே நீயும் கேக்குற பாரு, எங்க கூட்டத்துல சேந்துக்கோ. நிறைய நாள் இந்தக் கிண்ணத்து முன்னாடி நின்னிருக்கேன். வார்த்தை எல்லாம் எனக்கு மனப்பாடம், வந்ததுக்கு நன்றி, உன் இடத்துக்குப் போன்னு. வாயைத் திறப்பேன். அந்த ரூம்லருந்து அவரு வா-ன்னுவாரு. அவரு கூப்பிட்டதை அவரு காது கேக்க நான் எப்படித் துரத்துவேன்? வாயை மூடிக்கிட்டு உருளைக்கிழங்கு உரிக்கப் போயிருவேன்.

உனக்கு ஆபீஸ்ல சொல்லலியா? நீ பாட்டுக்கு இந்த அம்மா பிடிவாதக்காரி, பக்கத்துல கேரவான் பார்க் நடத்துறவன் யாரோ புகார் சொல்லித்தான் நம்ம வந்திருக்கோம்னு நினைச்சுக்கிட்டு இருக்க. போன் பண்ணது நான்தான் கண்ணு. ஆமா, நானேதான். உங்க ஆளுங்க எத்தனையோ தடவை வந்து கெஞ்சினப்ப கதவைச் சாத்தினவ, போன வாரம் நானே கூப்பிட்டு, சீக்கிரம் வந்து எங்களை எடுத்துட்டுப் போங்கன்னேன். சுவத்துல விரிசல் விட்டதுக்காக இல்ல. விரிசல் எனக்குப் பெரிய விசயமே இல்ல.

அன்னைக்குக் காலைல அவரைத் துடைச்சு, துணி மாத்தி, கஞ்சி ஊட்டினேன். துப்பிட்டாரு. மறுபடியும் துடைச்சு, மறுபடியும் துணி மாத்தினேன். கடல் பெருசா ஏறி வந்துச்சு, இந்தக் கண்ணாடியில உப்பு அடிக்குது. அவரு ஆரம்பிச்சாரு, வா, வான்னு. நான் ஈரத்துணியைக் கையில வெச்சுக்கிட்டுப் பக்கத்துல நின்னேன். நின்னு, நானும் சொன்னேன். அன்னைக்குத் தோட்டத்துல தெரியாம கூடப் பாடினமே, அப்படி இல்ல. நல்லாத் தெரிஞ்சு, மனசாரக் கூப்பிட்டேன். வா, அந்தப் பெவர்லிக்கு முன்னாடி வந்துரு, ரெண்டு பேரையும் சேத்து எடுத்துக்கோன்னு. அவரு திரும்பி என்னைப் பாத்துச் சிரிச்சாரு. என் கையைப் பிடிச்சுக்கிட்டாரு. ரெண்டு பேருமா ரொம்ப நேரம் கூப்பிட்டுக்கிட்டு இருந்தோம். எனக்கு எவ்வளவு நல்லா இருந்துச்சுங்கிற.

அதான் பயந்து போயிட்டேன். கடலுக்கு இல்ல. நாளைக்கும் அவரு பக்கத்துல போய் நின்னுருவேனோன்னு.

சத்தம் நின்னுருச்சு பாரு. தண்ணி இறங்குது. அந்த டீயைக் குடிச்சு முடி, உன் ஆளுங்களைப் பூட்ஸைக் கழட்டிட்டு மெதுவா உள்ள வரச் சொல்லு. நாற்காலியோட தூக்கிரலாம், நான் தலைப் பக்கம் பிடிச்சுக்கிறேன்.